கழக்கூட்டத்தில் பழைய பைக் தேடும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி, தென்காசி என்று பல ஊர்களிலிருந்து டெக்னோபார்க்கில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். கழக்கூட்டத்திலோ காரியவட்டத்திலோ ஸ்ரீகாரியத்திலோ அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். பேருந்துக்குக் காத்து நின்று அலுத்துப்போய், கைக்கு அடக்கமான விலையில் ஒரு பழைய பைக் கிடைக்காதா என்று தேடத் தொடங்குகிறீர்கள். நான் இந்த ஊரில் நெடுநாளாக இருப்பவன். வண்டி பார்க்கத் துணைக்கு வரும்படி உங்களில் பலர் கூப்பிட்டு நானும் வந்திருக்கிறேன். போகிற இடத்திலெல்லாம் ஒரே விஷயத்தை நம்பி நீங்கள் முன்பணத்தை நீட்டுவதைப் பார்க்கிறேன். அதைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

விற்பவர் தன் போனில் எம்-பரிவாகன் செயலியைத் திறந்து காட்டுவார். 'ஃபிட்னஸ் 2031 வரை' என்று இருக்கும். "புக்கும் பேப்பரும் எல்லாம் கிளியராணு" என்பார். அந்தத் தேதியைப் பார்த்ததும், யாரோ ஓர் அதிகாரி இந்த வண்டியை ஓட்டிப் பார்த்து, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, 2031 வரை ஓட்டலாம் என்று சான்று கொடுத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றிவிடுகிறது. அப்படி யாரும் பார்க்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். ஃபிட்னஸ் என்ற தலைப்பில் செயலி காட்டுவதும் அதே தேதிதான். 2016-இல் பதிவான வண்டி என்றால் 2031. ஷோரூமிலிருந்து பளபளவென்று இறங்கிய நாளில் கூட்டிப் போட்ட கணக்கு அது. அதற்குப் பிறகு அந்த வண்டி லாரியில் மோதி ஃபிரேம் வளைந்திருக்கலாம், வெள்ளத்தில் இரண்டு நாள் கிடந்திருக்கலாம். தேதி அப்படியேதான் நிற்கும்.

ஆட்டோவும் டாக்சியும் லாரியும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதாவது ஃபிட்னஸ் சோதனை, காட்டியாக வேண்டும். உங்கள் பைக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவானபின் 15 ஆண்டு நிறையும்வரை மோட்டார் வாகனத் துறையின் இன்ஸ்பெக்டர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே வருவதில்லை. பிரிட்டனில் 1960-இலேயே எம்.ஓ.டி. என்ற சோதனையைக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே மூன்று வயதைத் தாண்டிய மோட்டார் சைக்கிள் பொதுவாக ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. வாங்க நினைப்பவர் நம்பர் பிளேட்டில் உள்ள எண்ணை அரசின் இணையதளத்தில் தட்டினால் போதும். எந்த ஆண்டு தேறியது, எந்த ஆண்டு தவறியது, எதனால் தவறியது, அன்று மீட்டரில் எத்தனை மைல் ஓடியிருந்தது என்று வரிசையாக வந்துவிடும். காசு கட்டத் தேவையில்லை. சிங்கப்பூரிலும் மூன்று ஆண்டு தாண்டிய பைக்குக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய உங்கள் அண்ணன்மாரைக் கேளுங்கள், சொல்வார்கள். நம் நாட்டில் பைக்குக்கு அப்படி ஒரு சோதனை வரலாறு கிடையாது. இதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். சாலையில் சாகிறவர்களில் பெரும் பங்கு இரு சக்கரக்காரர்கள். அந்த வண்டிகளைத்தான் பதினைந்து ஆண்டு யாரும் பாராமல் விட்டுவைத்திருக்கிறோம்.

ஆகவே அந்த வரலாற்றை நீங்கள்தான் சேகரிக்க வேண்டும். துண்டு துண்டாக அது கிடைக்கவே செய்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய துண்டு, இங்கே 'ரீ-டெஸ்ட்' என்று சொல்லப்படும் பதிவுப் புதுப்பிப்பு. 15 ஆண்டு முடியும் தறுவாயில் 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியை இன்ஸ்பெக்டர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா, விளக்கு, ஹாரன், பிரேக், கண்ணாடி, சைலன்சர், நம்பர் பிளேட் எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். தேறினால் அடுத்த ஐந்து ஆண்டு. பின்னர் ஐந்தைந்து ஆண்டாக. பதினான்கு வயது வண்டியையும் பதினாறு வயது வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நீங்கள் இளையதைத்தான் எடுப்பீர்கள். நான் பதினாறு வயதுக்காரனை முதலில் பார்க்கச் சொல்வேன். ஓடத் தொடங்கியபின் ஒரு தடவையாவது அதிகாரியின் கண் பட்ட வண்டி அது. பதினான்கு வயது வண்டியை விற்பவர்களில் பலர், ரீ-டெஸ்ட் செலவும் அலைச்சலும் வருவதற்குள் அதை யார் தலையிலாவது கட்டிவிடப் பார்ப்பவர்கள். அந்தச் செலவு சின்னதில்லை. 2022 ஏப்ரல் முதல் இரு சக்கர வாகனத்தின் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 300 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கிவிட்டது. காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 300 ரூபாய் கூடுதல். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்புப்படி 20 ஆண்டு தாண்டிய பைக்குக்கு 2,000. இதற்கு மேல் கேரள அரசின் வரி வேறு; 15 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான வரியை 2025-26 பட்ஜெட்டில் 50 சதவீதம் கூட்டினார்கள். சோதனைக்காக மாற்ற வேண்டிய டயர், இண்டிகேட்டர், சைலன்சர் செலவை நான் இன்னும் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டு முடியப்போகும் வண்டி பிடித்திருந்தால் விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ரீ-டெஸ்ட் முடித்துக் கொடுங்கள், கேட்ட விலையைத் தருகிறேன்." வண்டியில் நம்பிக்கை உள்ளவர் யோசிப்பார். முகம் மாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

உங்களில் பாதிப் பேருக்கு ஆர்எக்ஸ் 100 ஆசை. எனக்கும் அந்த வண்டியின் ஓசை பிடிக்கும். ஆனால் கணக்கை மறக்காதீர்கள். அதன் தயாரிப்பு 1996-இல் நின்றுபோயிற்று. கடைசி ஆண்டில் பதிவான வண்டிகூட 2011, 2016, 2021 என்று மூன்று முறை ரீ-டெஸ்ட் போயிருக்க வேண்டும். 2026-இல் நான்காவது முறை. இந்த நாலு ஆண்டுகளில் எது விடுபட்டிருக்கிறது என்று ஆர்.சி.யில் பாருங்கள். ஐந்து ஆண்டு இடைவெளி இருந்தால், அந்தக் காலத்தில் வண்டி எங்கே கிடந்தது? மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததா, பதிவில்லாமலே ஓடியதா, பிரித்து விற்கப்பட்டு வேறொன்றோடு சேர்த்து மறுபடி கட்டப்பட்டதா? ஆர்எக்ஸ் 100 என்று சொல்லி ஆர்எக்ஸ் 135-இன் எஞ்சினோடு விற்பதும், ஒரே பெயரில் மூன்று வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்து விற்பதும் நடக்கிறது. சேசிஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். எஞ்சின் எண் கிரேங்க் கேசில். ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்து, டார்ச் அடித்து, ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். எழுத்துகள் ஒரே உயரத்தில் இல்லாமலோ, சுற்றிலும் அரம் ராவிய தடத்தோடோ இருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை விட்டு வண்டியை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் கண்டிப்பான பொருள் சொன்னது 2019 ஜனவரியில்; அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். சத்தம் போடும் சைலன்சரும் வெட்டிய மட்கார்டும் முந்தைய ஓனரின் அழகுணர்ச்சியாக இருக்கலாம். அபராதச் சீட்டு உங்கள் பெயருக்குத்தான் வரும்.

அடுத்து, 'வாகன்' என்ற அரசின் பதிவேடு. செயலியில் மேலோட்டமாகத் தெரிவதோடு நிறுத்திவிடாதீர்கள். விற்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருடைய பதிவு செய்த போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரவழைத்து, பரிவாகன் தளத்தில் முழு விவரத்தையும் திறக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி. வேறு யார் போனுக்கோ போனால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது ஓனரோடு அல்ல. இத்தனை கேள்விகளில் இது ஒன்றே பல பேரை எழுந்து போகவைத்திருக்கிறது. எத்தனையாவது ஓனர், கடன் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, கறுப்புப் பட்டியலில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடன் அடைந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. 35-ஆம் எண் படிவமும் நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் வேண்டும். இங்கே பழைய வண்டிகளின் தகவல் ஒரு காலத்தில் 'ஸ்மார்ட் மூவ்' என்ற மென்பொருளில் இருந்து, பிறகு வாகனுக்கு மாற்றப்பட்டது. மாற்றும்போது பெயரிலும் எண்ணிலும் பிழை விழுந்த வண்டிகள் உண்டு. அதைத் திருத்தித் தர வேண்டியது விற்பவர், நீங்கள் அல்ல.

இ-சலான் தளத்தையும் திறந்து பாருங்கள். 2023 ஜூன் 5-ஆம் தேதியிலிருந்து மாநிலம் முழுக்க 726 கேமராக்கள் அபராதம் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஹெல்மெட் இல்லாமல் முந்தைய ஓனர் போன ஒவ்வொரு பயணமும் அந்த நம்பரின் பேரில் எழுதப்பட்டிருக்கும். பாக்கி நிற்கும் வண்டியைத் துறை கறுப்புப் பட்டியலில் வைத்துவிட்டால் பெயர் மாற்றமும் நடக்காது, ரீ-டெஸ்டும் நடக்காது. கேமரா போட்ட சீட்டுகள் இன்னொன்றும் சொல்லும்: வண்டி எந்தத் தேதியில் எந்தச் சாலையில் ஓடியது என்று. "ரெண்டு வருஷமா வீட்டுல சும்மா நின்ன வண்டி" என்று சொன்னவரின் வண்டிக்குக் கடந்த மாதம் பைபாஸில் சலான் விழுந்திருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. திருட்டு வண்டியா என்று பார்க்க, டிஜிட்டல் போலீஸ் தளத்தில் வாகன என்.ஓ.சி. பகுதி இருக்கிறது. பதிவு எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.

புகை டெஸ்ட் சீட்டைக் காட்டி வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை அளப்பது புகையை மட்டும். 2000 ஏப்ரலுக்கு முன்னால் தயாரான பைக்கின் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம்வரை இருக்கலாம். அதற்குப் பின் வந்ததற்கு வரம்பு அதைவிடக் குறைவு. பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தாலும் அந்தக் கருவிக்குத் தெரியாது. ஆனாலும் பழைய சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தேதிகள் விட்டுப்போகாமல் வந்தால் வண்டி தொடர்ந்து ஓடியிருக்கிறது.

காப்பீட்டுத் தாளை நீங்கள் யாருமே சரியாகப் படிப்பதில்லை. தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறீர்கள். அது தர்ட் பார்ட்டி மட்டுமா, முழுக் காப்பீடா என்று பாருங்கள். முழுக் காப்பீடு என்றால் என்.சி.பி. என்று ஒரு வரி இருக்கும். 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் அந்தத் தள்ளுபடி, தொடர்ந்து இழப்பீடு கேட்காத ஆண்டுகளைக் காட்டுவது. ஐந்து ஆண்டு ஒன்றும் கேட்காதவருக்கு 50. இந்தத் தள்ளுபடி ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது இல்லை. ஒருவர் வண்டி மாற்றினாலும் அவரோடு போகும். ஆதலால் அந்த வண்டியைப் புதிதாக வாங்கிய முதல் ஓனரே விற்கும்போதுதான் இந்த எண்ணுக்கு அர்த்தம். நடுவில் ஒரு வருடம் பூஜ்யமாக விழுந்து மறுபடி 20-இலிருந்து தொடங்கியிருந்தால், அதற்கு முந்தின ஆண்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். காப்பீடு முறிந்துபோய்த் திரும்ப முழுக் காப்பீடு எடுத்திருந்தால், நிறுவனம் வண்டியைப் படம் எடுத்துப் பார்த்திருக்கும். அந்தப் படங்கள் விற்பவரிடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். தேதியோடு வண்டியின் நிலையைக் காட்டும் ஆவணம் ஒரு பழைய பைக்குக்கு வேறு எங்கேயும் இருக்காது.

இந்த ஊருக்கே உரிய இரண்டு ஆபத்துகளைத் தாளில் தேட முடியாது. ஒன்று வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் பல பகுதிகள் மூழ்கின. 2023 அக்டோபர் நடுவில் பெய்த ஒரே இரவு மழையில் நம் கழக்கூட்டமும் டெக்னோபார்க் சுற்றுவட்டாரமும் கௌரீசபட்டமும் நீரில் கிடந்தன. அன்று மாடிக்குக் கீழே நின்ற பைக்குகள் எல்லாம் எங்கே போயின? கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட்டைக் கழற்றி வயரிங் இணைப்புகளைப் பிரித்துப் பாருங்கள். வண்டல் கோடு அங்கே இருக்கும். ஹெட்லைட் குழிக்குள்ளும் மீட்டர் கண்ணாடிக்குள்ளும் ஈரம் படிந்த தடம் இருக்கும். இரண்டாவது கடல் காற்று. சங்குமுகம், வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் பக்கம் நின்ற வண்டியை உப்பு உள்ளிருந்து தின்னும். மேலே புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருக்க, டேங்கின் அடியும் சீட்டுக்குக் கீழேயுள்ள ஃபிரேமும் சைடு ஸ்டாண்டு பற்றவைத்த இடமும் பொருக்குத் தட்டியிருக்கும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சாயம் உதிர்ந்தால் கவலையில்லை. இரும்பு உதிர்ந்தால் வேண்டாம்.

மற்றதை ஒரு நல்ல மெக்கானிக் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவர் உங்கள் மெக்கானிக்காக இருக்கட்டும், விற்பவர் கூட்டி வருபவர் வேண்டாம். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினால் கோன் செட் சிக்குகிறதா என்று தெரியும். பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் இரு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று தெரியும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் இருபத்து மூன்றாம் வாரம். எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாக மீட்டர் காட்டும் வண்டியில் டயர் ஏற்கெனவே ஒருமுறை மாறியிருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி தேடுகிறவர்கள், கூடிய மட்டும் 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகப் பாருங்கள், அதிலிருந்துதான் ஏ.பி.எஸ். எல்லா மாடலுக்கும் கட்டாயமாயிற்று. சனிக்கிழமை காலையில் பொன்முடிக்குக் கிளம்புகிறீர்களே, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மழையோடு இறங்கும்போது முன் பிரேக்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டியது. உங்கள் வீட்டில் அம்மா போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இனி, பெயர் மாற்றம். கையெழுத்து மட்டும் போட்டு, மற்ற இடங்களை நிரப்பாத 29, 30-ஆம் எண் படிவங்களைத் தந்து "எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்" என்பவர்களிடம் வாங்காதீர்கள். அப்படிக் கைமாறிக் கைமாறி வந்த வண்டியில் நடுவிலிருந்த இரண்டு மூன்று ஓனர்கள் பதிவேட்டில் இல்லவே இல்லை. வண்டியின் வரலாற்றில் அத்தனை ஆண்டும் இருட்டு. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே ஓனர், விபத்தின் இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்; காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். கடையில் வாங்கினால், பழைய வாகன வியாபாரிக்குத் துறையின் அனுமதிச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது விதி. அனுமதி பெற்றவர் கைக்கு வண்டி வந்ததும் அது துறைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அதிலிருந்து விற்கும்வரை பொறுப்பு அவருடையது.

களியக்காவிளை தாண்டி வரும் நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. டி.என்.74, டி.என்.75 வண்டிகள் கழக்கூட்டத்தில் மலிவாகக் கிடைக்கும். "தமிழ்நாடு நம்பர்லயே ஓட்டு, யாரும் கேக்க மாட்டாங்க" என்பார்கள். வேறு மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் தங்கினால் 47-ஆம் பிரிவுப்படி கேரள எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் அலுவலகத்தின் என்.ஓ.சி., அதாவது 28-ஆம் எண் படிவம், பிறகு இங்கே வரி. இந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நீங்களும் நாளை விற்கப் போகிறவர்கள். இரண்டு மூன்று ஆண்டில் பெங்களூருக்கோ சென்னைக்கோ மாற்றலாகிப் போவீர்கள், போகிற வாரத்தில் பைக்கை அவசரமாகத் தள்ளிவிடுவீர்கள். வாங்குகிற நாளிலேயே ஒரு கோப்பு போடுங்கள். சர்வீஸ் பில், புகைச் சீட்டு, ஒவ்வோர் ஆண்டின் காப்பீட்டுத் தாள், டயரும் பிரேக் கட்டையும் மாற்றிய ரசீது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரின் படம் எல்லாம் அதில் போகட்டும். கீழே விழுந்திருந்தால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். விற்கும்போது அந்தக் கோப்பை அடுத்து வருகிற பிள்ளையின் கையில் கொடுத்து, பெயர் மாற்றம் முடிந்து செயலியில் அவர் பெயர் வருவதைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.

அன்புடன்,
இந்த ஊரில் உங்களுக்கு முன்னால் வந்த ஓர் அண்ணன்